ஆம்பூர்: 58-க்குப் பிறகும் வேலை தேடும் கைகள்

காலை ஏழரை மணிக்கு ஆம்பூர் பைபாஸில் இறங்கினால் இரண்டு வாசனைகள் வரவேற்கும். ஒன்று, பிரியாணி அடுப்பின் விறகுப் புகை. இன்னொன்று, தோல். முதல் வாசனைக்காகத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டில் உலை கொதிப்பது இரண்டாவது வாசனையால்.

எட்டு மணி நெருங்கும்போது கம்பெனி பஸ்களும் வேன்களும் வரிசையாக வந்து நிற்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இறங்குவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, தலையில் நேற்று மாலை இதே சாலையோரம் வாங்கிய பூ. பெண்களே அதிகம். சற்று நேரத்தில் ஷூ கம்பெனியின் கேட் மூடும். சாலை சட்டென்று அமைதியாகிவிடும்.

அதன் பிறகுதான் டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர்கள் கண்ணில் படுவார்கள். வெள்ளை வேட்டி அல்லது கைலி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, ஒரு பழைய பட்டன் போன். இவர்களும் ஒரு காலத்தில் அந்த கேட்டுக்குள் போனவர்கள்தான். 58 வயது ஆனதால் வெளியே வந்தவர்கள் சிலர். ஆர்டர் குறைந்த மாதத்தில் "கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிடுறோம்" என்று சொல்லப்பட்டு, அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியாதவர்கள் சிலர். டேனரி மூடியதால் வெளியே நின்றவர்கள் சிலர். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான். வேலை முடிந்துவிட்டது, வேலைக்கான தேவை முடியவில்லை.

ஆற்றங்கரையில் பிறந்த தொழில்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியும் பாலாற்றை ஒட்டியும் இருக்கும் இந்த ஊர்களைத்தான் தோல் நகரங்கள் என்கிறார்கள். முன்பு எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. மாவட்டம் மாறினாலும் தொழில் மாறவில்லை.

தோல் இங்கே வேரூன்றியதற்குக் காரணங்கள் இருந்தன. தோலைக் கழுவ ஆற்று மணலுக்கடியில் தண்ணீர் இருந்தது. பதப்படுத்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பின்னர் பாதை மேற்கே நீண்டபோது, ஆம்பூர் தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போவது எளிதானது. டேனரிகளை நடத்தியவர்களில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் அதிகம். சுண்ணாம்புத் தொட்டியிலும் ஊறல் குழியிலும் இறங்கி நின்றவர்களில் தலித் மக்கள் அதிகம். இரு தரப்பும் சேர்ந்துதான் இந்த ஊர்களின் பெயரை லண்டன் வரை கொண்டுபோனார்கள்.

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே கேலியாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வரிசை உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார். பாலாறு மட்டும் பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கிறது.

வேலை மாற்றிக்கொண்ட ஊர்

ஆம்பூரின் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இந்த ஊரே பலமுறை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, மறுபடி வேலை தேடிக்கொண்ட ஊர் என்பது புரியும்.

நீண்ட காலம் இங்கிருந்து போனது பாதி பதனிட்ட தோல். அதை வாங்கி மெருகேற்றி, ஷூவாகத் தைத்து லாபம் பார்த்தது ஐரோப்பா. 1970-களின் தொடக்கத்தில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, பதனிடாத தோல், பாதி பதனிட்ட தோல் இரண்டின் ஏற்றுமதிக்கும் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுதாகத் தயாரான தோலாக அனுப்பு, இன்னும் நல்லது செருப்பாகவும் ஷூவாகவும் அனுப்பு என்பதுதான் நோக்கம். பழைய முறையை மட்டுமே தெரிந்தவர்கள் திகைத்தார்கள். ஆனால் சலுகைகள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தது. ஊர் புதிய வேலையைக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது அடி 1996-ல் வந்தது. டேனரிக் கழிவால் குடிநீரும் நிலமும் கெட்டுப்போனதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில், அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகச் சொன்ன ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வலுவாகக் காலூன்றியது இந்த வழக்கில்தான். கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லாத டேனரி இயங்கக் கூடாது என்றது நீதிமன்றம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன. செலவைத் தாங்க முடியாத டேனரிகள் மூடின.

தீர்ப்பு தேவையானதுதான். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் தவித்த விவசாயியைக் கேட்டால் தெரியும். ஆனால் மூடிய டேனரியில் இருபது வருடம் தோல் உரித்துச் சுரண்டிய ஐம்பது வயதுக்காரர், அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

அதன் பிறகு ஊரின் முகமே ஷூ கம்பெனியாகிவிட்டது. அப்பா டேனரியில் நின்றார், மகள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கொள்கை மாறியபோது ஊருக்கு மானியம் கிடைத்தது, கடன் கிடைத்தது, கால அவகாசமும் கிடைத்தது. 58 வயதில் கேட்டுக்கு வெளியே வரும் மனிதருக்கு இந்த மூன்றும் கிடைப்பது அரிது. ஊர் வேலை மாறிய கதைக்கும் ஊர்க்காரர் வேலை தேடும் கதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

"போன் பண்றோம் பெரியவரே"

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆனது, அடுத்த ஆண்டே 60 ஆனது. தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் இன்னும் 58தான். ஆனால் தோல் தொழிலில் பலர் 58 வரைக்கும்கூடப் போவதில்லை. தையல் மெஷினில் ஊசி முனையைப் பார்க்கும் கண் 45-லேயே கண்ணாடி கேட்கும். மணிக்கு இத்தனை ஜோடி என்று ஓடும் வரிசையில், ஒருவர் மெதுவானால் பின்னால் இருப்பவரின் மேசையில் வேலை குவியும். சூப்பர்வைசர் ஒரு நாள் சொல்வார், இரண்டு நாள் சொல்வார். மூன்றாவது நாள் அவரே விலகிக்கொள்வார். 'தானாக நின்றுவிட்டார்' என்று பதிவாகும்.

வெளியே வந்தவர் வேறு கம்பெனி கேட்டில் போய் நிற்கும்போது நடக்கும் பேச்சு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஆளு எடுக்குறாங்களாப்பா?"

"என்னா வேலை தெரியும்ணே?"

"கட்டிங். இருபது வருசம் பார்த்திருக்கேன்."

"வயசு?"

"அம்பத்தெட்டு முடியுது."

சின்ன இடைவெளி. அண்ணே என்று அழைத்தவர் அடுத்த வாக்கியத்தில் மாறிவிடுவார். "நம்பர் குடுத்துட்டுப் போங்க பெரியவரே. போன் பண்றோம்."

உள்ளே இருந்தவரை 'அண்ணே', 'மேஸ்திரி'. வெளியே வந்ததும் 'பெரியவரே', கொஞ்ச நாளில் 'தாத்தா'. சம்பளம் போனதைவிட இது அதிகமாக உறுத்துவது உண்டு. வீட்டில் பேரன் கூப்பிடும்போது இனிக்கிற அதே வார்த்தை, வேலை கேட்கிற இடத்தில் 'வேண்டாம்' என்று அர்த்தமாகிவிடுகிறது.

கேட்டுக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. கம்பெனிக்கும் பயம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஆர்டர்கள் நின்றன. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதியை நம்பியிருக்கும் இந்த ஊர்களில் கவலை பரவியது. ஆர்டர் குறையும்போது முதலில் குறைவது ஓவர்டைம். அடுத்தது ஒப்பந்தத் தொழிலாளி. அதற்கடுத்து வயதானவர்.

டேனரி பக்கம் போனால் அங்கும் வேறு முகங்கள். ஈரத் தோலைத் தூக்கும் கனமான வேலைக்கு வட மாநில இளைஞர்கள் வந்துவிட்டார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். உள்ளூர்ப் பெரியவர் விட்ட இடத்துக்கு யார் வந்தார்கள், எந்த நிலையில் வந்தார்கள் என்பதை ஊர் அன்று பார்த்தது.

திண்ணையில் ஒரு கம்பெனி

மதிய நேரத்தில் ஆம்பூரின் உள்தெருக்களில் நடந்தால், திண்ணைகளில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை. அதற்குள் ஷூவின் மேல்பாகங்கள். கையில் ஊசியும் மெழுகு நூலும். மெஷின் போட முடியாத கைத்தையல் இப்படித்தான் வீடு தேடி வருகிறது. ஏஜென்ட் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார், முடிந்ததும் எண்ணி எடுத்துப்போவார். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு.

கம்பெனியில் வயது காரணமாக நின்ற பெண்களுக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான். கேட்டில் வயது கேட்க ஆள் இல்லை. நினைத்தபோது எழுந்து சோறு வடிக்கலாம், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரலாம். ஆனால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. விரலில் ஊசி ஏறினால் சொந்தக் காசில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதே ஷூ, அதே கை. இடம் மட்டும் கேட்டுக்கு உள்ளேயிருந்து திண்ணைக்கு மாறியதும் கூலி சரிந்துவிடுகிறது.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் போனால் திண்ணையில் ஷூவுக்குப் பதில் பீடி முறம் இருக்கும். குடியாத்தத்தில் தீப்பெட்டியும் உண்டு, லுங்கி நெசவும் உண்டு. இங்கெல்லாம் வயதானவர்களுக்கு வேலை கிடைக்கிறது. கிடைப்பதற்குக் காரணம், இளையவர்கள் அந்தக் கூலிக்கு வருவதில்லை.

வேலூர் இரவுகள்

ஆண்களில் பலர் பஸ் ஏறுவது வேலூருக்கு. ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இன்று ஒரு தனி நகரமே இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக லாட்ஜுகள், மெஸ்கள், மருந்துக்கடைகள். பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து. இந்த லாட்ஜ் வாசல்களிலும், ஏ.டி.எம். வாசல்களிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நீலச் சட்டை போட்டு நிற்கும் வாட்ச்மேன்களில் பலருக்கு வயது அறுபதைச் சுற்றி இருக்கும்.

58 வயதுக்காரருக்கு 'உடனே வா' என்று சொல்லும் ஒரே வேலை பெரும்பாலும் இதுதான். 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். டேனரியில் நின்று நின்று தேய்ந்த முழங்கால் இங்கேயும் நிற்க வேண்டும். இருந்தும் சிலர் இதை விரும்பியே செய்கிறார்கள். மாதம் பிறந்தால் கையில் பணம், காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம், மகனிடம் கை நீட்ட வேண்டியதில்லை. அந்த மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னும் கிழக்கே போனால் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம். அங்கே டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. தைவானின் ஹாங் ஃபூ நிறுவனத்தின் தோல் அல்லாத காலணி ஆலையும் அந்தப் பகுதிக்கு வருகிறது. பேத்திக்கு அது நல்ல செய்தி. தாத்தாவுக்கு அங்கே இடம் இருக்குமா என்பது வேறு விஷயம். பெரிய ஆலைகள் தேடுவது பெரும்பாலும் இளைஞர்களை, புதிதாகப் பயிற்சி கொடுத்து எடுக்க.

கைக்குத் தெரிந்தது

வேலை தேடி அலைகிறவர்களில் சிலருக்கு மட்டும் வேகமாக வழி திறக்கிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். வரிசை வேலையைக் கேட்டுப் போவதில்லை. வயதானால் மதிப்பு கூடும் வேலையைக் கேட்டுப் போகிறார்கள்.

ஒரு ஷூவின் செலவில் பெரிய பங்கு தோலுக்குத்தான். எந்த இரண்டு தோலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும். மாடு முள்வேலியில் கீறிக்கொண்ட தழும்பு எங்கோ ஒரு மூலையில் இருக்கும். இதையெல்லாம் தடவிப் பார்த்தே சொல்லும் கை, ஒரு தோலில் ஒரு ஜோடி கூடுதலாக வெட்டித் தரும். தோலைத் தரம் பிரிப்பதும் அப்படித்தான். வெளிச்சத்தில் ஒருமுறை புரட்டினால் போதும், எது முதல் தரம், எது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார்கள். புது டிசைனுக்கு மாதிரி செய்யும் சாம்பிள் ரூமில் வேகம் தேவையில்லை. பிழை இல்லாமல் ஒரே ஒரு ஜோடி வேண்டும்.

பெரிய கம்பெனியின் விதி 58-ஐத் தாண்ட விடாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து பேரை வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைகளுக்கு இப்படிப்பட்ட ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வந்தாலே லாபம். நெடுஞ்சாலையோரம் ஷூ, பெல்ட், பர்ஸ் விற்கும் கடைகளுக்கும் தோலைத் தெரிந்த ஆள் தேவை. வாங்க வந்தவர் "இது ஒரிஜினல் லெதர்தானா?" என்று கேட்டால், மடக்கிக் காட்டி விளக்கத் தெரிந்தவர் சொன்னால்தான் நம்புவார்.

அதனால், 'இருபது வருசம் கம்பெனியில இருந்தேன்' என்று சொல்வதைவிட, 'தோல் பிரிப்பேன், கையால வெட்டுவேன், சாம்பிள் போடுவேன்' என்று பிரித்துச் சொல்வது பலன் தருகிறது. பழைய சூப்பர்வைசர், உடன் வேலை பார்த்து இப்போது சொந்தப் பட்டறை வைத்திருப்பவர், தோல் வாங்கி விற்கும் பாய். இந்த ஊர்களில் வேலை வாய்ப்பு அலுவலகம் இவர்கள்தான். நின்ற பிறகு தேடுவதைவிட, நிற்பதற்கு ஓராண்டு முன்பே இவர்கள் காதில் போட்டு வைப்பவர் முந்திக்கொள்கிறார்.

சொந்தமாகச் சிறு பட்டறை போட நினைப்பவருக்கு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத்துடன் கடன் உண்டு. 18 வயதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. மேல் வயது வரம்பு இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். ஆனால் பணிக்கொடைப் பணம் முழுவதையும் போட்டுத் தொழில் தொடங்குவது ஆபத்து. கையில் ஆர்டர் இருந்து, பிறகு மெஷின் வாங்குவதே நல்லது.

வெளியே வரும் நாளில்

புது வேலை கிடைக்கும்வரை தாங்குவது பழைய வேலை விட்டுச்சென்ற பணம்தான். பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

ஓர் உதாரணம். 20 ஆண்டு வேலை பார்த்த ஒருவரின் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு மேல் பணியாற்றியவருக்குப் பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கு. 10,400-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,000. இருபது ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 'தானாக நின்றவருக்கு கிராஜுவிட்டி இல்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ராஜினாமா செய்தாலும் உண்டு. கம்பெனி தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

அடுத்தது பி.எஃப். பென்ஷன். குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். கடைசி ஐந்து ஆண்டுச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்து 58-ல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு ஆண்டு போனஸாகச் சேரும். சராசரி 9,800 ரூபாய் என்றால், 22 ஆண்டுக்கு மாதம் 3,080 ரூபாய். குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து 1,000 ரூபாய். அரிசி, பால், மாத்திரை, கரன்ட் பில் என்று எழுதிப் பார்த்தால், அறுபது வயதில் ஒருவர் ஏன் 12 மணி நேரம் வாட்ச்மேனாக நிற்கிறார் என்பது விளங்கும்.

இந்தச் சிறு தொகையையும் இழப்பவர்கள் உண்டு. கம்பெனி மாறும்போதெல்லாம், மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் அந்தச் சேவை பூஜ்ஜியம். மூன்று கம்பெனியில் மொத்தம் 19 ஆண்டு வேலை பார்த்தும், பத்து ஆண்டு கணக்கு வராமல் நிற்பது இதனால்தான். பென்ஷன் பகுதியை எடுக்காமல் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்தாலோ, புதுக் கம்பெனிக்கு மாற்றினாலோ சேவை தொடரும். 50 வயதிலிருந்தே முன்கூட்டி பென்ஷன் வாங்கவும் வழி உண்டு. ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் கழியும். அவசரம் இல்லாதவர் காத்திருப்பது லாபம்.

மூன்றாவது இ.எஸ்.ஐ. ஐந்து ஆண்டாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது காரணமாக ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால், அவரும் துணைவரும் தொடர்ந்து மருத்துவ வசதி பெறலாம். சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் நின்ற உடம்புக்கு இதைவிட மலிவான காப்பு வேறில்லை. தெரியாததால் கட்டாமல் விட்டவர்கள் நிறைய.

திண்ணையில் தைக்கும் பெண்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. காலணி, தோல் பொருட்கள் தயாரிப்பவர்களுக்கும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்குமென்றே தமிழக அரசின் அமைப்புசாரா நல வாரியம் ஒன்று உண்டு. 60 வயதுக்குள் பதிவு செய்தால், 60-க்குப் பிறகு மாத ஓய்வூதியம் கேட்கலாம். 61-ல் போனால் கதவு மூடியிருக்கும். எந்தத் திட்டத்துக்கு எங்கே போவது என்று புரியாதவர்கள், முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மற்ற ஊர்கள் என்ன செய்கின்றன?

வயதானவருக்கு வேலை கொடுப்பது தர்ம காரியம் என்று நினைக்காத நாடுகளும் இருக்கின்றன. ஜப்பானில் ஊருக்கு ஊர் 'வெள்ளி மனிதவள மையங்கள்' உண்டு. 60 தாண்டியவர்கள் பெயர் கொடுத்தால், தோட்ட வேலை, பழுது பார்த்தல், சைக்கிள் நிறுத்தம் கவனித்தல் என்று உடம்புக்கு ஏற்ற சில மணி நேர வேலையை மையமே தேடித் தரும். சிங்கப்பூரில் 2022 ஜூலையில் ஓய்வு வயது 63 ஆனது. உடல்தகுதியும் வேலைத் திறனும் இருந்தால், 68 வயதுவரை மறுவேலை கொடுக்க நிறுவனம் முன்வர வேண்டும் என்று சட்டமே சொன்னது. அந்தச் சிங்கப்பூரில் நம் ஊர்ப் பெரியவர்களும் வேலை பார்க்கிறார்கள்.

ஆம்பூருக்கு இது எட்டாத கனவு இல்லை. தோல் பிரிக்கத் தெரிந்த ஐம்பது பெரியவர்களின் பெயரும் போன் நம்பரும் ஒரே இடத்தில் இருந்தால், சிறு பட்டறைக்காரர் தெருத்தெருவாகத் தேட வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்குக் கட்டிங் கற்றுக்கொடுக்க ஒரு பெரியவரை அரை நாள் உட்கார வைத்தால், வீணாகும் தோலில் அவர் சம்பளம் மிச்சமாகும். ஊர் வேலை மாறியபோது ஊருக்குக் கை கொடுத்தவர்கள், ஆட்களுக்கும் கொடுக்கலாம்.

மாலையில் ஷிஃப்ட் முடிந்து கேட் மறுபடி திறக்கும். பஸ்கள் உறுமும். பூக்காரம்மா கூடையை முன்னால் நகர்த்திக்கொள்வார். காலையில் பெஞ்சில் இருந்தவர்களில் சிலர் இப்போதும் அங்கேயே இருப்பார்கள். உள்ளேயிருந்து வரும் பழைய கூட்டாளியைப் பார்த்து ஒருவர் கேட்பார், "என்னாப்பா, ஏதாச்சும் சொன்னாங்களா?"

அந்தக் கூட்டாளிக்கும் வயது 55 இருக்கும். அவருக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் பார்க்க வேண்டியது ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை. பிறந்த தேதி சரியாகத் தெரியாத பலருக்கு அதில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். வருடமும் ஒன்றிரண்டு கூடியிருக்கலாம். பி.எஃப். பதிவில் வேறு தேதி இருக்கலாம். பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ வைத்து இப்போதே சரிசெய்தால், ஒரு வருடச் சம்பளம் மிஞ்சக்கூடும். 58-ஆவது பிறந்த நாளுக்கு அடுத்த நாள் போனால், கேட்டில் இருப்பவர் அவரையும் 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுவார்.